அடுத்த பெருந்தொற்றில் அம்மாவின் பல்லை யார் பார்ப்பார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2020-இல் உங்கள் அம்மாவுக்கு 76 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தபோது இரண்டு பல் மருத்துவர்கள் "இந்த வயதில் இப்போது வெளியே வர வேண்டாம்" என்று சொல்லித் தொலைபேசியிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி அடங்குவதும் திரும்புவதுமாக மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, ஏழாவது மாதத்தில்தான் ஒருவர் வாயைத் திறந்து பார்த்தார். ஒரு பல்லோடு முடிந்திருக்க வேண்டியது அதற்குள் இரண்டு பல்லாகிவிட்டது. "முதியவர்களைப் பார்க்கப் பல் மருத்துவர்கள் தயாராக இருந்தார்களா, இன்னொரு பெருந்தொற்று வந்தால் இருப்பார்களா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அன்று அம்மாவைத் திருப்பி அனுப்பியது அவருடைய நன்மைக்காகவா, மருத்துவரின் பயத்தாலா, வயதானவர்தானே என்ற எண்ணத்தாலா? இதற்குப் பதில் சொல்லாமல் தயார்நிலை பற்றிப் பேசினால் அது வெறும் முகக்கவசக் கணக்காகத்தான் இருக்கும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலும் முதியோர் இல்லங்களிலும் போய்ப் பார்ப்பதும் என் வேலை. பெருந்தொற்றின்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் நடந்த வாய்ப் பராமரிப்பு என் அனுபவத்துக்கு வெளியே உள்ளது. அதைப் பற்றி அங்கே நின்றவர்கள்தான் பேச வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸை எதிர்கொள்ள எங்கள் தொழில் சில மாதங்களுக்குள் தயாராகிவிட்டது. முதியவரை எதிர்கொள்ள அது தயாராக இருக்கவில்லை. அந்தக் குறையைப் பெருந்தொற்று உண்டாக்கவில்லை, முன்பே இருந்ததை எல்லோரும் பார்க்கும்படி வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

முதலில், அந்த இரண்டு மருத்துவர்களுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. மார்ச் 16 அன்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவசரமில்லாத சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் மார்ச் 25 அன்று வழக்கமான பல் சிகிச்சை முழுவதும் நிறுத்தப்பட்டு, ஜூன் 8-க்குப் பிறகுதான் மெல்லத் திறந்தது. அதே மார்ச் மாதத்தில் ஓர் அமெரிக்க நாளிதழ் வெளியிட்ட வரைபடம், வேலை காரணமாகத் தொற்று வரும் ஆபத்து மிகுந்தவர்களின் வரிசையில் பல் மருத்துவர்களையும் பல் சுத்தம் செய்யும் பணியாளர்களையும் உச்சியில் காட்டியது. நோயாளியின் திறந்த வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, சுழலும் கருவியால் தண்ணீரையும் உமிழ்நீரையும் காற்றில் தூவுகிற வேலை எங்களுடையது. தடுப்பூசி கிடையாது, முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. கோவிட்டால் உயிரிழக்கும் ஆபத்தைத் தீர்மானித்த காரணிகளில் வயதைப் போல வலுவானது வேறில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த நிலையில் 76 வயதுப் பெண்மணியை மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார வைக்கத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அது சரியான முடிவுதான். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் நான்காவது மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் அதே பதிலைச் சொன்னதற்கு அந்த நியாயம் போதாது. அதற்குள் சில விஷயங்கள் தெளிவாகிவிட்டன. 2020 ஜூனில் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,200 பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கோவிட் வந்தவர்கள் அல்லது வந்திருக்கக்கூடியவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது பலர் குறைவான நோயாளிகளையே பார்த்தார்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆயினும், பல் மருத்துவ அறைகள் தொற்றுக் கிடங்குகளாகிவிடும் என்று முதலில் பயந்தது நடக்கவில்லை. 2021-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, சிகிச்சையின்போது தூவப்படும் நுண்திவலைகளில் காணப்பட்ட கிருமிகளில் பெரும்பகுதி கருவியின் தண்ணீரிலிருந்து வந்தது, உமிழ்நீரின் பங்கு சிறிது என்று காட்டியது. என்95 முகக்கவசம், வேகமாக உறிஞ்சும் குழாய், பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாள், காற்றோட்டம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. காற்றோட்டத்துக்கு எளிய கணக்கே உண்டு. ஓர் அறையின் காற்று மணிக்கு 6 முறை முழுதாக மாறினால் அதில் மிதப்பவற்றில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். ஒரு நல்ல வெளியேற்று விசிறி, நோயாளிகளுக்கு இடையிலான காத்திருப்பைப் பாதியாக்கிவிடும்.

ஐயத்துக்குரியவையும் உண்டு. சிகிச்சைக்கு முன் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினிக் கரைசல்களால் வாய் கொப்பளிக்கச் சொன்னோம். உமிழ்நீரில் வைரஸின் அளவு சிறிது நேரத்துக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டின. அதனால் யாருக்காவது தொற்று தவிர்க்கப்பட்டதா என்பது நிறுவப்படவில்லை. வாசலில் கிருமிநாசினி தெளித்தது, காலணிக்கு உறை போட்டது ஆகியவற்றை நான் வெகு சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

இதுவரை சொன்னது வைரஸ் பக்கம். நாங்கள் நன்றாகப் படித்துத் தேறிய பக்கமும் இதுவே. முதியவர் பக்கம் வரும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வாசல்களிலும் வெப்பமானி வைத்தோம். நெற்றியில் காட்டி, காய்ச்சல் இல்லை என்றால் உள்ளே விட்டோம். முதியவர்களின் இயல்பான உடல் வெப்பமே இளையவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். தொற்று வந்தாலும் அவர்களில் பலருக்குக் காய்ச்சல் ஏறாது. இருமலுக்கு முன்பே திடீர்க் குழப்பம், காரணமில்லாத சோர்வு, சாப்பிட மறுத்தல், தடுமாறி விழுதல் என்று நோய் தலைகாட்டும். முதியோர் மருத்துவம் படித்த எந்த மருத்துவருக்கும் இது பாலபாடம். எங்களுடைய கேள்வித்தாள்களில் இவற்றில் ஒன்றுகூட முதலில் இல்லை. "காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மணம் தெரிகிறதா" என்று கேட்டோம். "நேற்றிலிருந்து அம்மா வழக்கம்போல இருக்கிறாரா?" என்று கூட வந்த மகளிடம் கேட்டிருந்தால் வெப்பமானியைவிட அது அதிகம் சொல்லியிருக்கும். அந்தக் கேள்வியை நான் சேர்த்தது 2020-இன் இறுதியில்தான். சேர்த்த பிறகு அதை எடுக்கவே இல்லை.

அடுத்தது முகக்கவசம். முதுமையில் காது முதலில் இழப்பது கூர்மையான, உச்ச ஒலிகளை. 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகளின் தெளிவு அதில்தான் இருக்கிறது. அந்தக் குறையைப் பலர் தங்களுக்கே தெரியாமல் எதிராளியின் உதட்டைப் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். என்95 அதே உச்ச ஒலிகளைத்தான் மழுக்குகிறது, உதட்டையும் மறைக்கிறது. அதன் மேல் ஒரு முகத்திரை, பின்னணியில் உறிஞ்சுகுழாயின் இரைச்சல். நான் சொன்ன எதற்கும் மறுப்பே சொல்லாமல் தலையசைத்த ஒரு பெரியவர், வெளியே போனதும் மருமகளிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டதை நான் கேட்டேன். சிகிச்சைக்கு அவர் தந்ததாக நான் நினைத்த சம்மதம் சம்மதமே இல்லை. அன்றிலிருந்து கருவிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, கொட்டை எழுத்தில் ஒரு பலகையில் எழுதிக் காட்டி, அவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் தொடங்குகிறேன். செலவில்லாத வேலை இது. எங்கள் பயிற்சிக் காணொளிகளில் பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசை அத்தனை விரிவாக இருந்தது. உடைக்குள் இருப்பவரின் குரல் வெளியே கேட்குமா என்பதை யாரும் கேட்கவில்லை.

மறதி நோய் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் முகத்தை வைத்துத்தான் ஆளை நம்புகிறார்கள். கண் மட்டும் தெரிகிற நான்கு உருவங்கள் சூழ்ந்து நின்றால் அவர் கையை ஓங்குவதில் என்ன வியப்பு? அவரை 'ஒத்துழைக்காத நோயாளி' என்று குறித்து அனுப்பிய கடிதங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. கூடவே வரும் உறவினரை வாசலிலேயே நிறுத்திய விதி, அந்த முதியவரின் நினைவையும் நாக்கையும் வாசலில் நிறுத்தியது போலாயிற்று.

இப்போது தொலைபேசி மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பல்லின் உள்ளே நரம்பு வீங்கி வலிக்கும்போது ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. பல்லைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும். வீக்கம் பரவும்போதும் காய்ச்சல் காணும்போதும் ஆன்டிபயாடிக்குக்கு இடம் உண்டு. அப்போதும் அது துணை மருந்துதான். இதைத் தெரியாத பல் மருத்துவர் கிடையாது. தெரிந்தும் எழுதினோம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் மருத்துவர்கள் எழுதிய ஆன்டிபயாடிக், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. கதவு மூடியிருந்தால் மருந்துச் சீட்டுதான் கதவாகிறது.

இளையவருக்கு அதனால் பெரும்பாலும் வயிற்று உபாதையோடு போகும். ஏழெட்டு மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு அப்படி இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரத்தம் ஆபத்தான அளவுக்கு நீர்த்துப்போகலாம். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்தால் சிறுநீரகம் அடிபடலாம். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் தசை சிதையலாம். எனக்கே ஒரு முறை கை நடுங்கியது. பல் செட்டுக்கு அடியில் பூஞ்சைப் புண் வந்த 81 வயதுக்காரருக்குத் தொலைபேசியில் மைகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு எழுதினேன். வாயில் தடவும் களிம்புதானே என்ற எண்ணம். சீட்டை அனுப்பிய பிறகு மகனிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அவர் வார்ஃபரின் சாப்பிடுவது தெரிந்தது. வாயில் தடவினாலும் மைகோனசோல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். உடனே மாற்றி நிஸ்டாடின் என்ற வேறு பூஞ்சை மருந்தை எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம். மருத்துவமனைக்கு நேரில் வந்திருந்தால் அந்த மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பார்த்திருப்பேன். தொலைபேசியில் பார்ப்பதானால் முதல் கேள்வியே அந்தப் பையாக இருக்க வேண்டும் என்று அன்று கற்றேன்.

தள்ளிப்போடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு. 2020 ஆகஸ்டில், பரவல் உள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு இடைக்கால வழிகாட்டுதல் வெளியிட்டபோது, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கடுமையாக மறுத்தது. அந்த வழிகாட்டுதல் வழக்கமான பரிசோதனை, பல் சுத்தம், அழகு சார்ந்த சிகிச்சை போன்றவற்றைத்தான் குறிப்பிட்டது. பிரச்சினை என்னவென்றால், முதிய வாயில் 'அவசரமற்றது' வெகு சீக்கிரம் அவசரமாகிவிடும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தரப்படும் பல மருந்துகள் வாயை உலர்த்துகின்றன. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்குப் பற்சிப்பியின் கவசம் கிடையாது. உமிழ்நீரும் இல்லாமல் போனால் சொத்தை வேரைச் சுற்றிச் சுற்றி அரித்து, ஆறேழு மாதத்தில் பல் ஈறோடு முறிந்துவிடும். முதியோர் இல்லங்களில் பார்வையாளர்களையும் எங்களையும் நிறுத்திய மாதங்களுக்குப் பிறகு நான் உள்ளே போனபோது பார்த்தவை இப்படி முறிந்த வேர்கள்தான். அவற்றுள் பலவற்றை அதற்கு முந்தைய ஆண்டு நானே அடைத்துக் காப்பாற்றியிருந்தேன்.

வாய் அசுத்தத்துக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நீங்கள் படித்திருக்கக்கூடும். இங்கே உறுதியையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வாயில் உள்ள கிருமிகள் உமிழ்நீரோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா உண்டாக்கும் என்பது உறுதி. 2002-இல் ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வில், ஒழுங்காக வாய்ப் பராமரிப்பு பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நிமோனியா வந்தது. 2015-இல் 85 வயதைத் தாண்டிய 524 பேரிடம் அதே நாட்டில் நடந்த ஆய்வு, பல் செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. ஆனால் அதே 2015-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், வாய் சுத்தமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பும் நிமிர்ந்து உட்கார வைத்து உணவூட்டலும் சேர்ந்து நிமோனியாவைக் குறைக்கவில்லை. ஆகவே, இரவில் பல் செட்டைக் கழற்றுங்கள், தினமும் துலக்கிவிடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். துலக்கினால் நிமோனியா வராது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கோவிட்டின் தீவிரத்துக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2021-இல் கத்தாரில் 568 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று சொல்கிறது. ஈறு நோய்தான் காரணம் என்று நிறுவவில்லை. நீரிழிவும் புகைப்பழக்கமும் இரண்டையும் மோசமாக்குபவை என்பதால் பிரித்தறிவது கடினம்.

பல் மருத்துவர்களின் தயார்நிலையை அளந்த கணக்கெடுப்புகள் பல நாடுகளில் வந்தன. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பெரும்பாலானவை இணையத்தில் அனுப்பிய வினாப்பட்டியல்கள். அக்கறை உள்ளவர்கள்தான் உட்கார்ந்து நிரப்புவார்கள். "நீங்கள் தயாரா?" என்று ஒருவரிடமே கேட்டால் கிடைப்பது அவருடைய தன்னம்பிக்கையின் அளவு. அவர் கை செய்யும் வேலையின் அளவு அதில் தெரியாது. கைகழுவும் படிகளையும் முகக்கவச வகைகளையும் கேட்கும் கேள்விகள் அவற்றில் நிறைய இருந்தன. நாற்காலியை முழுதாகச் சாய்த்தால் விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு என்ன ஆகும், சிகிச்சை முடிந்து சட்டென எழுந்தால் ஏன் மயங்கி விழுகிறார், எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போடுபவருக்குப் பல் எடுத்தால் தாடை எலும்பு ஏன் ஆறாமல் போகலாம் ஆகியவற்றைக் கேட்பவை அரிது. என் சொந்தக் கணிப்பு இது: ஒரு மருத்துவர் பெருந்தொற்றில் முதியவரைப் பார்ப்பாரா என்பதை அவருடைய வைரஸ் அறிவு தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எத்தனை முதியவர்களைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்தார் என்பதே தீர்மானிக்கிறது. பழகிய கைக்குத் துணிச்சல் தனியாக வேண்டியதில்லை. படிக்கும் காலத்தில் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்ட இளம் மருத்துவர்கள், பெருந்தொற்றின்போது எனக்கு முதலில் கை கொடுத்தவர்கள்.

டிரில் இல்லாமல் எவ்வளவோ செய்திருக்கலாம் என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. 1980-களில் தான்சானியாவில் மின்சாரமும் கருவிகளும் இல்லாத இடங்களுக்காக ஒரு முறை உருவானது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் சிமெண்டை வைத்து அழுத்திவிடுவார்கள். தண்ணீர்த் தூவலே கிடையாது. 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் பல நேரங்களில் அது அங்கேயே நின்றுவிடும். பல் கறுத்துப் போகும் என்பது குறை. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எண்பது வயதில் கடைவாய்ப் பல் கறுப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உலக சுகாதார அமைப்பு இவை இரண்டையும் ஃபுளோரைடு பற்பசையோடு சேர்த்து 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்று செய்யக்கூடிய வேலைகள் இவை. பல் எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரில் தொடாமல் குறட்டால் எடுப்பதைப் பிரிட்டனின் வழிகாட்டுதல் தூவல் உண்டாக்கும் சிகிச்சையாகக் கருதவில்லை. உங்கள் அம்மாவின் பல்லை நான் பார்க்கவில்லை. வேர் வளைந்திருந்தால் டிரில் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலான கடைவாய்ப் பற்களைக் காலை முதல் நோயாளியாக வரவழைத்து, வெறிச்சோடிய வரவேற்பறையைத் தாண்டி நேரே உள்ளே கூட்டிச் சென்று, கால் மணி நேரத்தில் எடுத்து அனுப்பியிருக்க முடியும். ஜூன், ஜூலை மாதங்களில் அதைச் செய்திருக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு என் பதில்: முதல் முறை திருப்பி அனுப்பியது அவருடைய நன்மைக்காக. மூன்றாவது முறை அனுப்பியதில் பழக்கமின்மையும் பயமும் கலந்திருந்தன. அலட்சியம் என்று அந்த இருவரையும் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர்களே அறுபதைத் தாண்டியவர்களாக இருந்திருக்கலாம், வீட்டில் நோயாளி ஒருவர் இருந்திருக்கலாம். ஆயினும் "இந்த வயதில்" என்ற சொல்லை நாங்கள் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். வயதை ஆபத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அதே வயதை வலியின், பசியின், தனிமையின் அளவுகோலாகவும் எடுத்திருக்க வேண்டும். அம்மாவிடமே இரண்டு பக்க ஆபத்தையும் விளக்கி, "வருகிறீர்களா, பொறுத்துக்கொள்கிறீர்களா?" என்று யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. முடிவெடுக்கும் உரிமை அவருடையது.

இனி வந்தால் தயாராக இருப்பார்களா என்பதற்கு வருகிறேன். காற்றோட்டமும் முகக்கவசப் பழக்கமும் இப்போது எங்களிடம் நிலைத்துவிட்டன, அந்தப் பக்கம் நம்பிக்கையாகச் சொல்லலாம். முதியோர் பக்கம் மருத்துவருக்கு மருத்துவர் மாறும் என்பதால், உங்கள் மருத்துவரிடம் இப்போதே, அமைதியான காலத்திலேயே, சில கேள்விகளைக் கேட்டு வைக்கலாம். வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா? டிரில் இல்லாமல் சொத்தையை நிறுத்தும் முறைகளைச் செய்வீர்களா? மருத்துவமனை மூடினால் யாரிடம் அனுப்புவீர்கள்? கேள்வி கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் நெருக்கடியில் உதவ மாட்டார். நிலுவையில் நிற்கும் பல் வேலைகளை எல்லாம் முடித்துவிடுங்கள்: ஆடும் பல், கூராக முறிந்த ஓரம், தளர்ந்த பல் செட். பெருந்தொற்றுக்குள் தீர்க்கப்படாத ஒரு சிறு குறையோடு நுழைபவர்தான் அதிகம் அவதிப்படுகிறார். அம்மாவுக்கு வாய் உலர்ந்திருந்தால், பத்து லட்சத்தில் 5,000 பங்கு ஃபுளோரைடு உள்ள பற்பசை பொருந்துமா என்று கேளுங்கள். அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய வகை. பல் செட் இருந்தால் அதில் பெயரைப் பொறித்துத் தரச் சொல்லுங்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்த் தொலைந்த பல் செட்டுகள் எத்தனையோ. அது இல்லாமல் மாதக்கணக்கில் மென்று சாப்பிட முடியாமல் மெலிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், வாரம் ஒரு முறை போடுவதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியையும் விடாமல், ஒரு தாளில் எழுதிப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் மருந்து எழுதும் எந்த மருத்துவருக்கும் முதலில் அதை அனுப்புங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

எந்தப் பெருந்தொற்றிலும் காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், வாய் திறக்க முடியாமல் போனால், பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மறதி உள்ளவர் காரணமில்லாமல் சாப்பாட்டைத் தள்ளினாலோ, கன்னத்தை ஒரு பக்கமே தடவிக்கொண்டிருந்தாலோ வாய்க்குள் பாருங்கள், வலியைச் சொல்ல அவருக்கு வேறு மொழி இருக்காது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உள்ளிலோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், நேரில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். இதைத் தொலைபேசியில் எந்த மருத்துவர் தள்ளிவைத்தாலும் அடுத்தவரிடம் போங்கள்.